குழாய், கம்பி, கான்: திருகோணமலையில் எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

திருகோணமலையில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் தருவது ஒரு நிறுவனம், மின்சாரம் தருவது இன்னொன்று, குப்பை அள்ளுவது வேறொன்று. வாசலில் ஓடும் வீதி யாருடையது என்பதும் வீதிக்கு வீதி மாறும். அலுவல்கள் மாதக்கணக்கில் இழுபடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: கடிதம் பிழையான கதவுக்குப் போயிருக்கும், அல்லது சரியான கதவுக்கு இலக்கம் எதுவும் இல்லாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் முதலில் சரிசெய்து கொண்டால் மிச்ச வேலை சுலபம்.

உங்கள் சபை எது

‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயரில் பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுதான். ஆனால் அதற்குள் உள்ளூராட்சி சபை இரண்டு. ஒன்று திருகோணமலை மாநகர சபை. முந்தைய நகர சபை இதுவே, 2025 உள்ளூராட்சித் தேர்தல் மாநகர சபை என்ற தரத்தில் நடந்தது. மற்றது பட்டினமும் சூழலும் பிரதேச சபை. இரண்டின் பெயரும் பிரதேச செயலகத்தின் பெயரும் ஒன்றோடொன்று குழம்புவதால் பலர் வடிகான் முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பிரதேச செயலகம் காணி, பதிவு, கொடுப்பனவு பார்க்கும் இடம். கான், குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி எல்லாம் சபையின் வேலை.

உவர்மலையில் இருப்பவருக்கு மாநகர சபை. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கம் பிரதேச சபை. நிலாவெளிக்குப் போனால் அது குச்சவெளிப் பிரதேச சபை. எல்லையோரத்தில் வீடு இருந்தால் ஊகிக்க வேண்டாம். கடைசியாகக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பில் எந்தச் சபையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் சபை. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் பிரிவு இலக்கத்தையும் சபையையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் அந்த இலக்கம் கேட்கப்படும்.

வீதிக்கு வேறு கணக்கு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கண்டி வீதி எனப்படும் ஏ6, அநுராதபுரம் ஊடாகப் புத்தளம் போகும் ஏ12, மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 எல்லாம் அந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கு. தண்ணீர்க் குழாய் போட வீதியை வெட்டும்போதுதான் இந்தப் பிரிவினையின் கனம் தெரியவரும்: பிரதான குழாய் வீதியின் மறுபக்கத்தில் இருந்தால், வீதிக்குரியவர் அனுமதி தந்து, திருத்தக் கட்டணத்தைப் பெற்ற பிறகே வெட்டலாம். ஏ தர வீதியென்றால் காலம் கூடுதலாகும். வீடு கட்டத் தொடங்கும்போதே குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்: மீற்றருக்கு அப்பால், மீற்றருக்கு இப்பால்

நகருக்கு வரும் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து எடுக்கப்பட்டு, கந்தளாயில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 40 கிலோமீற்றர் குழாயில் ஓடி வருகிறது. வழங்குவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை; அவசர அழைப்பு 1939. பிரதான குழாயிலிருந்து உங்கள் மீற்றர் வரை நீர் வழங்கல் சபையின் பொறுப்பு. மீற்றருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு அங்குலமும் உங்களுடையது. அங்கே கசிந்தால் பில்லும் உங்களுடையது.

புதிய இணைப்புக்கு வழக்கமாகத் தேவைப்படுவன: தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, சோலைவரி இலக்கம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வீட்டுக்கு வரும் வழியைக் காட்டும் கைப்படம். பக்கத்து வீட்டின் நீர்க்கணக்கு இலக்கத்தையும் கொண்டு போங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க அதைவிட விரைவான வழி இல்லை. விண்ணப்பம், தள ஆய்வு, மதிப்பீடு, பணம் கட்டல், வீதி அனுமதி, இணைப்பு என்பது ஒழுங்கு. ஆய்வுக்கு வருபவர் மீற்றர் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிப்பார். மதிலோரத்தில், வாசிப்பவர் வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தைச் சொல்லுங்கள். கேற்றுக்குள் நாய் இருந்தால் வாசிப்பு தவறும், மதிப்பிட்ட பில் வரும், பிறகு ஒரேயடியாகச் சேர்ந்து வரும்.

மீற்றரிலிருந்து வீட்டுக்கு 25 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குல பிவிசி குழாய் போடுங்கள். தூரம் குறைவென்றால் அரை அங்குலமும் ஓடும், ஆனால் தாங்கி நிரம்ப நேரமெடுக்கும். ரைப் 1000 குழாயே வாங்குங்கள். அந்த எண் தாங்கும் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்வது. ரைப் 400 மலிவு என்று நிலத்துக்கடியில் போட்டால், திருத்தும்போது கொங்கிறீட்டையும் உடைக்க வேண்டிவரும். ஒன்றரை அடி ஆழம் போதும். வாகனம் ஏறும் இடத்தில் இரண்டு அடிக்குக் குறையக்கூடாது. பசை பூசிய மூட்டுகளுக்கு 24 மணித்தியாலம் கொடுத்த பிறகே தண்ணீர் திறக்க வேண்டும். மூட்டுகளில் அழுத்தம் கொடுத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மண் மூட வேண்டும். சுவரில் வெளியே ஏறும் குழாய்க்கு வர்ணம் பூசுங்கள். இங்கத்தைய வெயிலில் பூசாத பிவிசி சில ஆண்டுகளில் நொறுங்கும்.

அழுத்தம் குறைகிறது என்ற முறைப்பாடு உவர்மலை போன்ற மேட்டுப் பகுதிகளில் இயல்பு. ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் போய்விடும். அதற்காக மோட்டரைப் பிரதான இணைப்பில் நேராகப் பூட்டுவது தடைசெய்யப்பட்டது, ஆபத்தானதும்கூட. மோட்டர் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும்; கானோரமாக ஓடும் குழாயில் எங்காவது வெடிப்பிருந்தால் கான்தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். குடிக்கப்போவது நீங்கள் மட்டுமல்ல, அந்த ஒழுங்கையே. சரியான வழி: 1000 முதல் 2000 லீற்றர் நிலத்தாங்கி ஒன்று வைத்து, அதை மிதவை வால்வால் தன்பாட்டில் நிரம்ப விட்டு, அங்கிருந்து மோட்டரால் மேல்தாங்கிக்கு ஏற்றுங்கள். நிலத்தாங்கியின் வாய் மாரி வெள்ளம் நிற்கும் மட்டத்துக்கு மேலே குறைந்தது அரை அடி உயர்ந்திருக்க வேண்டும். மலசலகூடக் குழிக்கு அருகில் வைக்கவே வேண்டாம்.

பில் திடீரென ஏறினால்

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஓர் இரவு செலவழித்துப் பாருங்கள். ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர். நிமிடத்துக்கு அரை லீற்றர் கசிந்தால் நாளுக்கு 720 லீற்றர், மாதத்துக்கு 21.6 அலகு. கட்டணம் படிப்படியாக ஏறுவதால் அந்த மேலதிக அலகுகள் எல்லாம் உயர்ந்த விலையில் விழும். கண்ணுக்குத் தெரியாத கசிவு பில்லை இரட்டிப்பாக்குவது இப்படித்தான்.

1. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு மேல்தாங்கிக்கு ஏறும் குழாயின் வால்வைப் பூட்டுங்கள். முற்றத்துக் குழாய் உட்பட நேரடி இணைப்புகள் எல்லாவற்றையும் அடையுங்கள்.

2. மீற்றரைப் படம் எடுங்கள். கறுப்பு எண்கள் அலகு, சிவப்பு எண்கள் அலகுக்குக் கீழ்ப்பட்ட லீற்றர்கள். நடுவில் உள்ள சிறு நட்சத்திரச் சக்கரம் சிறிதளவு ஓட்டத்துக்கும் சுழலும். அது சுற்றினால் மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில் கசிவு. ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு படம்; வித்தியாசமே கசிவின் அளவு.

3. சக்கரம் நின்றிருந்தால், தாங்கியின் நீர்மட்டத்தைச் சோக்கால் அடையாளமிட்டுவிட்டு விடியும்வரை ஒருவரும் தண்ணீர் எடுக்காமல் விடுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வீட்டுக்குள் கசிகிறது.

4. முதலில் சந்தேகிக்க வேண்டியது மலசலகூடத்தின் பிளஷ் தாங்கி. அதற்குள் கொஞ்சம் நீலம் கலந்து, 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் வாசர் போய்விட்டது.

5. இரண்டிலும் பிடிபடாவிட்டால், ஏறுகுழாயின் வால்வைத் திறந்து தாங்கி நிரம்பிய பிறகு மேலே ஏறிப் பாருங்கள். மிதவை வால்வு முழுதாக அடைக்காமல் வழிகுழாயால் பீலிக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் விடயம். வழிகுழாயை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் முற்றத்தை நோக்கி நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை பிறகு ஒளிந்திருக்க முடியாது.

இவ்வளவும் செய்தும் கசிவு இல்லையென்றால் மீற்றரைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு படங்களையும் பழைய மூன்று பில்களையும் இணையுங்கள். வாசித்த எண் பிழையா, மீற்றர் பிழையா என்பது அதிலேயே பிரிந்துவிடும். பில்லில் அச்சிட்ட வாசிப்பு, இன்றைய மீற்றர் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் வேறு சான்றே தேவையில்லை.

திருத்த வேலைக்காக நீர் நிறுத்தப்பட்டு மறுபடி வரும்போது முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். முற்றத்துக் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிட்ட பிறகே தாங்கிக்குத் திருப்புங்கள். குழாய்வாயில் பூட்டிய ஹோஸை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டுவிடக் கூடாது. நீர் நிற்கும் நேரத்தில் அந்த வாளித்தண்ணீர் குழாய்க்குள் திரும்பப் போகும்.

தாங்கி கழுவுவதற்கு, தேய்த்து வெறுமையாக்கியபின் நிரப்பி, ஆயிரம் லீற்றருக்கு 150 கிராம் அளவில் வெளிற்றும் தூளை, சுகாதாரப் பகுதியினர் டிசிஎல் என்று சொல்வதை, வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, இரவு முழுவதும் விட்டு, விடிந்ததும் எல்லாவற்றையும் வெளியேற்றிக் கழுவுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ மீன்தொட்டியில் விடவோ கூடாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூள் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

மின்சாரம்

கோளாறுக்கு 1987. பேசும்போது பத்து இலக்கக் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள், இருந்தால் மின்கம்ப இலக்கத்தையும். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது. பில்லின் தலைப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் உங்கள் அடையாளம் அந்தக் கணக்கு எண்தான். அதைச் சுவரில் மீற்றருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்; இருட்டில் பில்லைத் தேடுவது வீண் வேலை.

புதிய இணைப்புக்கு வயரிங் முடிந்து, தகுதியுள்ளவர் சோதித்த அறிக்கை வேண்டும். மின்பலகையில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிப்பது) கட்டாயம் இருக்க வேண்டும். கம்பி அயலவர் காணிக்கு மேலாக வருவதாக இருந்தால் அவருடைய எழுத்துச் சம்மதத்தை முன்கூட்டியே எடுங்கள். இணைப்பு இழுபடுவதற்கு இதுவே பெரிய காரணம். அயலவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சிக்கல்.

கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினிய இணைப்புகளை அரிக்கும். காற்றடிக்கும்போது உங்கள் வீட்டு வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தால், அல்லது மின்குமிழ் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், கம்பத்திலோ வீட்டு முகப்பிலோ நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பும் கம்பியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 1987க்கு அதே வார்த்தையில், ‘நியூட்ரல் சந்தேகம்’ என்று சொல்லுங்கள். வெறும் ‘கரண்ட் சரியில்லை’ என்றால் சாதாரண முறைப்பாடாகவே பதிவாகும். அதற்குள் குளிர்சாதனப் பெட்டி போய்விடலாம். வழங்கப்பட வேண்டிய அழுத்தம் 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடவோ குறையவோ. அதாவது 216 முதல் 244 வரை.

மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப மேலே தள்ளாதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சிறு பிரேக்கர்கள் அனைத்தையும் கீழே இறக்கி, ட்ரிப்பை மட்டும் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றிப் பாருங்கள். எது ஏறும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் கோளாறு. முற்றத்து விளக்கும் தண்ணீர் மோட்டரும் வழக்கமான குற்றவாளிகள். எல்லாப் பிரேக்கரும் இறங்கியிருந்தும் நிற்காவிட்டால் நியூட்ரல் கம்பி ஏதோ ஒன்று நிலத்தைத் தொடுகிறது. அதற்கு மின்னியலாளர்தான் வேண்டும்.

அறுந்த கம்பியைக் கண்டால் 10 மீற்றருக்குள் போகவே கூடாது. கம்பியில் விழுந்த தென்னோலையைத் தடியால் தட்டுவதும் அதே அளவு ஆபத்து. ஜெனரேற்றரை வீட்டுப் பிளக் வழியாக வயரிங்கில் செலுத்துபவர்கள் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரோடு விளையாடுகிறார்கள். ஜெனரேற்றரும் வெளிக்கம்பியும் ஒன்றாக இணையாமல் பார்த்துக்கொள்ளும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

பில் சரிபார்க்கும்போது நாட்களை எண்ணுங்கள். வீட்டுக் கட்டணப் படிகள் 30 நாளுக்கு வகுக்கப்பட்டவை. வாசிப்பு 33 நாளில் நடந்தால் 60 அலகு எல்லை 66 ஆக நீளும். அந்த எல்லையைத் தாண்டினால் மேலதிக அலகு மட்டுமல்ல, முதல் அலகுகளின் விலையும் மாறும். ஆகவே எல்லைக்கு அருகில் ஓடும் வீடுகள் நாளுக்கு இரண்டு அலகு என்ற கணக்கை மாத நடுவிலேயே மீற்றரில் பார்த்துக்கொள்வது நல்லது. முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்த கதவு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. முதல் கடிதத்தின் பிரதி இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

சபையிடம்

சோலைவரி: முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு, காலாண்டுக்குக் காலாண்டு அதன் முதல் மாதத்தில் கட்டினால் 5. வீடு கைமாறினால் உறுதிப் பிரதியோடு போய்ப் பெயரை மாற்றுங்கள். பழைய பெயரிலேயே விட்டால் கட்டட அனுமதி, நீரிணைப்பு இரண்டும் அங்கே முட்டும். புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் ஆட்சேபத்துக்கான திகதி அதிலேயே இருக்கும். அது கடந்தபின் வாதாடிப் பயனில்லை.

தெருவிளக்கு: கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது, விளக்கைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபை. ஆகவே 1987க்கு அல்ல, சபைக்கு. பகலில் எரியும் விளக்கையும் சொல்லுங்கள்; அந்த மின்சாரத்துக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள்.

கான்: திருகோணமலையின் மழை பெரும்பாலும் ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை விழும். செப்ரெம்பரிலேயே முறைப்பாடு கொடுக்க வேண்டும், வெள்ளம் நின்றபிறகல்ல. ‘எங்கள் வீதிக் கான் அடைபட்டிருக்கிறது’ என்பது போதாது. எந்த மதகிலிருந்து எந்த வீட்டு இலக்கம் வரை, அடைத்திருப்பது மண்ணா, குப்பையா, யாரோ போட்ட கொங்கிறீட் பலகையா என்று எழுதுங்கள். மண்ணென்றால் தொழிலாளர்கள் போதும், பலகையென்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரவேண்டும். தேங்கிய நீரில் நுளம்பு இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதி அனுப்புங்கள்.

மலசலகூடக் குழி நிரம்பினால் கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசருக்குச் சபையில் முன்பதிவு செய்யலாம். குழிமூடி எங்கே என்று தெரிந்து, திறந்து வைத்திருங்கள். பவுசர் வந்தபின் நிலத்தைக் கிண்டத் தொடங்கினால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். மணல் நிலத்தில் அழுக்கு வெகுதூரம் ஓடும் என்பதால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அந்த அளவில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கட்டுவதற்கு முன் அனுமதி, கட்டி முடித்தபின் அனுமதித்தபடியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ். முதலாவதை எடுப்பவர்களில் பலர் இரண்டாவதை எடுப்பதில்லை, விற்கும்போதோ வங்கிக் கடனுக்கோ திண்டாடுகிறார்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

கடிதம், பதில், பதில் வராவிட்டால்

கடிதம் தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். கானையும் விளக்கையும் சேர்த்து எழுதினால் அது ஒரு பிரிவின் மேசையில் மட்டும் கிடக்கும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பித்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று திருப்பலாம். ‘இந்தத் திகதியில் பதிவான எனது முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் பிரதி’, ‘இந்த வீதிக் கானுக்கு இவ்வாண்டு ஒதுக்கிய தொகை’ என்று ஏட்டில் இருக்கும் பொருளைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. முத்திரையிட்ட அந்த முதல் பிரதியை இந்த மூன்று படியிலும் இணைக்க வேண்டியிருக்கும்.